மழைக்கு முன்னால் போட வேண்டிய ஜப்பான் பாட்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்தால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். இன்று காலை மாடியில் துணி உலர்த்தும்போது என் மனைவி எழிலரசி ஒரு பாட்டை முணுமுணுத்தாள். மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. அவள் முணுமுணுத்தது ஜப்பான் பாட்டு.

திருவண்ணாமலையில் இது ஒன்றும் அதிசயமில்லை என்பீர்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் ஒரு நடை போய் வந்தால் எல்லா நாட்டுப் பாட்டும் காதில் விழும். ஆனால் என் மனைவி கீழ்பென்னாத்தூரை ஒட்டிய கிராமத்துக்காரி. அவளுக்கு அந்தப் பாட்டு ஒரே ஆள் மூலமாகத்தான் தெரியும். அந்த ஊரில் மைக் செட் வைத்திருக்கும் இளவரசன். கூம்பு ஸ்பீக்கரில் பெயின்டால் 'இளவரசன் சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதியிருப்பார், பக்கத்தில் ஒரு கிரீடம் வேறு.

தொண்ணூற்றெட்டு தை மாதம் எங்கள் கல்யாணத்தில் அந்தப் பாட்டு ஓடியது. ஓடும்போது எழிலரசி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பார்த்தது என்னையா? அல்லது எனக்கு நேர் பின்னால், ஆம்ப்ளிபயர் மேஜைக்கு அந்தாண்டை நின்ற இளவரசனையா? ஏழு வருஷமாக இந்த ஒரு கேள்வி எனக்குள் பல்லுக்கிடையில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இதற்குப் பதில் தெரியத்தான் இந்தக் கதை. இலக்கியம் எல்லாம் அப்புறம்.

நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

2

கதையாக எழுதி, டிவி மேல் வைத்துவிட்டால் அவள் எடுத்துப் படிப்பாள். முகம் எந்தப் பத்தியில் மாறுகிறது என்று நான் பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். இதுதான் திட்டம்.

(முதல் தொடக்கம்: 'மழை என்பது வானம் பூமிக்கு எழுதும்—' அடச்சே. தாலுகா ஆபீஸ் மாடியில் இருக்கும் மழைமானியைப் பார்த்து எழுதுவது என் வேலை. வானம் யாருக்கும் எதுவும் எழுதுவதில்லை, எழுதுகிறவன் நான்தான்.)

(இரண்டாம் தொடக்கம்: 'டோக்கியோ நகரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரே குடைக்குக் கீழே இரு உள்ளங்கள்—' நான் வேலூரைத் தாண்டியதில்லை. டோக்கியோவில் எனக்கு என்ன வேலை?)

(மூன்றாம் தொடக்கம்: 'சிந்துஜா தன் கருங்கூந்தலை ஒதுக்கியபடி தென்னை மரத்தில் கட்டியிருந்த கூம்பைப் பார்த்தாள்.')

இது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் தோளுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சிந்துஜாவா? எங்க ஊர்ல எவளுங்க அப்போ சிந்துஜா?" என்றாள் எழிலரசி. கையில் புளி கரைக்கிற கிண்ணம். "தடுக்கி வுழுந்தா உண்ணாமலை, எழுந்தா பச்சையம்மா. அந்த ஊர்ல சிந்துஜாவாம்."

"கதைக்காக ஒரு பேரு."

"கூம்பை ஏன் பாக்குறா? குருவி கூடு கட்டியிருக்கா?"

"எழிலு, எழுதும்போது தொந்தரவு பண்ணாதே."

"எழுதுங்க எழுதுங்க," என்று சொல்லிவிட்டு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டிவி மேல் வைக்கும் திட்டம் அத்தோடு முடிந்தது.

3

இளவரசன் எப்படி இருப்பார்?

'இளவரசன் கறுத்து, மெலிந்து, பல் எடுப்பாக—'

"பல்லு எடுப்பா? அவருக்குப் பல்லு முத்துக் கோத்த மாதிரி இருக்கும்," என்றாள்.

அந்த வரியை அடித்தேன்.

'இளவரசனுக்கு வரிசையான பற்கள் உண்டு. ஆனால் முன் வழுக்கை—'

"அது இப்பதாங்க. அப்போ முடி நெளிநெளியா சூப்பரா இருக்கும்."

(வாசகர்களே, கவனியுங்கள். பல் ஞாபகம் இருக்கிறது, முடி ஞாபகம் இருக்கிறது. எங்கள் கல்யாணத்தில் நான் என்ன கலர் சட்டை போட்டிருந்தேன் என்று கேட்டால் 'வெள்ளையா இருக்கும்' என்பாள். பட்டுச் சட்டை. சந்தனக் கலர்.)

சரி. இளவரசன் அழகாக இருந்தார். ஒழியட்டும். மேலே போவோம்.

4

அடி அண்ணாமலை போகிற வழியில் பச்சையம்மாள் என்ற அம்மா வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அங்கே தங்கியிருந்தவர் ஹருமி என்கிற ஜப்பான் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும்.* அவருடைய டேப் ரெக்கார்டர் கேசட்டைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. பச்சையம்மாள், ரேடியோ ரிப்பேரும் தெரிந்த இளவரசனை வரவழைத்தார்.

(*முதலில் இருபத்திரண்டு வயது என்று எழுதியிருந்தேன். ஹருமிக்கும் இளவரசனுக்கும் காதல் வந்து இருவரும் விமானம் ஏறிவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவள் அந்தம்மாவைக் கோவிலில் பார்த்திருக்கிறாளாம்.)

இளவரசன் டேப் ரெக்கார்டரைப் பிரித்து, துடைத்து, மூடிக் கொடுத்தார். ஹருமிக்கு ஒரே சந்தோஷம். தன்னிடம் இருந்த கேசட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டார். அரைகுறை இங்கிலீஷிலும் கையாலும் விளக்கமும் சொன்னார். இதெல்லாம் காதல் பாட்டு. மழை நாளில் கேட்பதற்கென்றே சேர்த்தது. வெளியே மழை பெய்யும்போது ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற ஆளையோ இல்லாத ஆளையோ நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

இளவரசன் தலையைச் சொறிந்தார்.

"மழை பெஞ்சா எங்க ஊர்ல கரண்ட்டு பூடுமே மேடம். எப்டிக் கேக்கறது?"

பச்சையம்மாள் இதை எப்படியோ ஜாடையில் மொழிபெயர்த்தார். ஹருமி வெகு நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் கொஞ்சம் முன்னால் கேளுங்கள் என்றாராம்.

இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கதையே இங்கேதான் இருக்கிறது.

5

மைக் செட் தொழிலில் ஒரு விதி உண்டு. தூறல் விழுந்தால் முதல் வேலை ஆம்ப்ளிபயரைத் தார்ப்பாயால் மூடுவது. மழையில் பாட்டுப் போடுகிறவனுக்கு ஷாக் அடிக்கும், அதில் தப்பித்தால் கரண்ட் போகும். ஆகவே இளவரசன் ஹருமி சொன்னபடியே செய்தார். எந்த விசேஷ வீடாக இருந்தாலும், வானம் கறுத்து, காற்று திரும்பி, மண் வாசனை அடிக்க ஆரம்பித்ததும் ஓடுகிற பாட்டை நிறுத்திவிட்டு ஜப்பான் கேசட்டைப் போடுவார். மழை வரும். மூடிவிடுவார்.

மறுபடி வானம் கறுக்கும். பாட்டு. மழை.

ஊர் இதை எப்படிப் பார்த்தது? பாட்டு போட்டான், மழை வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காக்கை ஒவ்வொரு தடவையும் சரியாகப் பழுத்த மரமாகப் பார்த்து உட்கார்ந்தால் ஜனங்கள் என்னதான் செய்வார்கள்?

ஆவணியில் அப்பாதுரை வீட்டுக் காதுகுத்து. வேர்க்கடலை காட்டில் வாடிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடியது, மழை கொட்டியது. இந்தப் பாட்டுக்குத்தான் மழை வருகிறது என்று ஊர் அன்றைக்குத்தான் முடிவு செய்தது. அடுத்த வாரமே இளவரசனை மாரியம்மன் கோவில் வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் விவரமான ஆள். "மேகம் வரட்டும், போடறேன்" என்றார். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மேகம் வந்தது. டேப் ரெக்கார்டருக்குக் கற்பூரம் காட்டினார்கள். பொட்டு வைத்தார்கள். குங்குமம் உள்ளே போய், பாடகரின் குரல் ஜலதோஷம் பிடித்த மாதிரி இழுத்தது. நடுநடுவே வரும் சாக்ஸபோனுக்குப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி வேணு கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வருண ஜபந்தான், உச்சரிப்புதான் கொஞ்சம் சைனாக்காரங்க மாதிரி" என்று தீர்ப்புச் சொன்னார். எவனோ ஒருவன் எவளோ ஒருத்தியிடம் 'குடைக்குள் வாயேன்' என்று கெஞ்சுகிற பாட்டாக இருக்கும். அதற்கு ஊரே கை கூப்பி நின்றது.

மழை பாட்டுக்குப் பெய்வதில்லை என்று சர்க்கார் சார்பில் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நான் அப்போது அந்த ஊருக்கு மாப்பிள்ளை ஆகவில்லை. ஆன பிறகு சொல்ல தைரியமில்லை.

அந்த ஊரில் அது காதல் பாட்டு என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இளவரசன். இன்னொருத்தி என் எதிரில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அவர்தான் சொன்னாரு."

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லாம உன்கிட்ட மட்டும் ஏன் சொன்னாரு?"

"நான்தான கேட்டேன். ஊர்ல மத்தவங்க யாரும் இன்னா பாட்டுனு கேக்கவே இல்லியே. கும்புடத்தான் செஞ்சாங்க."

"கூம்பு எப்பவும் உங்க வீட்டுப் பக்கம் திரும்பியிருக்குமாமே?"

"தென்னை மரம் எங்க வீட்டாண்டதாங்க கீது. வேற எந்தாண்ட திரும்பும்?"

6

கல்யாணம். இங்கே கதைக்குள் கதை விளையாட்டெல்லாம் வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். (நடந்தபடி சொல்கிறேன் என்று சொல்வதும் ஒரு விளையாட்டுதான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.)

என் மாமனார் ராஜமாணிக்கம் வீட்டு வாசலில் பந்தல். பந்தலுக்கு எதிரில், கூப்பிடு தூரத்தில் களம். ஊர்க்காரர்கள் எல்லோருடைய நெல்லும் அறுத்து அடித்து அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. தை மாதத்தில் யாரும் மழையை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அன்றைக்குக் காலையிலேயே வானம் ஒரு மாதிரி இருந்தது.

மாமனார் முதல் காரியமாக மைக் செட் மேஜைக்குப் போனார்.

"இளவரசா, இன்னிக்கி மட்டும் அந்தக் கேசட்டு வெளிய வரக் கூடாது. நெல்லு நனைஞ்சுதுன்னா உன்ன கூம்போட சேத்து மரத்துல கட்டிடுவேன், ஆமா."

"ஐயோ, நான் எதுக்குங்க போடப் போறேன்," என்றார் இளவரசன்.

நான் மணவறையில் உட்கார்ந்தேன். எழிலரசியைக் கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் ஒரே தலைகள். அவள் தாய்மாமன் சுப்பிரமணி எனக்கும் அவளுக்கும் நடுவில் குனிந்து எதையோ சரி செய்துகொண்டே இருந்தார், கடைசி வரை என்னவென்று தெரியவில்லை. ஐயர் தாலித் தட்டை எல்லோரிடமும் காட்டி வரச் சொல்லி அனுப்பினார்.

அப்போது கூம்பில் சாக்ஸபோன் அழுதது.

ஒரு நொடி யாரும் அசையவில்லை. அப்புறம் "ஐயையோ, நெல்லு!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பட்டுப் புடவைகள், கரை வேட்டிகள், சந்தனக் கிண்ணம் ஏந்தியவர்கள், நாதஸ்வரக்காரர் உட்பட ஊரே களத்தைப் பார்த்து ஓடியது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஏன் ஓடுகிறோம் என்றே தெரியாது. ஊரோடு ஒத்து வாழ் என்று அவர்களும் ஓடினார்கள். என் சித்தப்பா சின்னசாமி முதல் பந்தி போட்டுவிட்டார்கள் என்று நினைத்து எல்லோரையும் முந்தினார். ஐயர் தன் ஸ்கூட்டரை நனையாத இடத்தில் நிறுத்தப் போனார்.

பந்தலில் மூன்றே பேர். நான், எழிலரசி, எனக்குப் பின்னால் மேஜைக்கு அந்தாண்டை இளவரசன். களத்தில் கூச்சல், தார்ப்பாய் இழுக்கிற சத்தம். பந்தலுக்குள் ஜப்பான்காரர் மட்டும் நிதானமாக உருகிக்கொண்டிருந்தார்.

எழிலரசி தலையை நிமிர்த்தினாள். என் பக்கம் முழுசாகத் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் சிரித்தாள்.

அப்புறம் மழை வந்தது, கரண்ட் போனது, பாட்டு பாதியில் நின்றது. வைக்கோலும் உமியும் ஒட்டிய பட்டுத் துணிகளோடு எல்லோரும் திரும்பி வந்தார்கள். மாமனார் கையை ஓங்கிக்கொண்டு மேஜைக்குப் போனார். போனவர் பாதி வழியில் யோசித்தார். மழை வரும் என்று தெரிந்தும் எவனும் நெல்லை மூடவில்லை. பாட்டு கேட்டதும்தான் மூடினார்கள். ஒரு மணி நனையவில்லை. ஓங்கிய கையால் எனக்கென்று வைத்திருந்த மாலையை எடுத்து இளவரசன் கழுத்தில் போட்டார். என் கல்யாணத்தில் முதல் மாலை அவருக்குத்தான்.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு அ: இளவரசன் தன் காதலியைக் கடைசியாக ஒரு தடவை பார்ப்பதற்காக, மரத்தில் கட்டினாலும் பரவாயில்லை என்று பாட்டைப் போட்டார். அவளும் அவரைத்தான் பார்த்தாள். சிரிப்பு அவருக்கு. (இதை எழுதும்போது பேனா முனை பேப்பரைக் கிழித்துவிட்டது. மட்டமான பேப்பராகவும் இருக்கலாம்.)

முடிவு ஆ: அவர் சும்மா பழக்க தோஷத்தில் போட்டுவிட்டார். வானம் கறுத்தது, கை தானாகப் போனது. அவளும் சும்மா பார்த்தாள். சும்மா சிரித்தாள். (சும்மா முழுசாகத் திரும்பி யாராவது பார்ப்பார்களா?)

முடிவு இ: சிந்துஜா எழுந்து போய்—

"அந்த சிந்துஜாவ வுடவே மாட்டீங்களா?" என்றாள் எழிலரசி. எழுதிய பக்கங்களை என் கையிலிருந்து வாங்கினாள். முடிவுகள் மூன்றையும் படித்தாள். முகத்தைப் பார்த்தேன். எந்தப் பத்தியிலும் மாறவில்லை.

"ஏழு வருஷமா இதையா மனசுல வெச்சிகினு இருந்தீங்க?"

"கதைம்மா."

"நல்ல கதை." பக்கங்களைக் கீழே வைத்தாள். "பாட்ட நான்தான் போடச் சொன்னேன்."

8

இந்த எட்டாம் பகுதியை நான் திட்டமிடவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், அவள் வேகத்துக்கு எழுதியதால் எழுத்து கோணல்.

"பொண்ணு பாக்க வந்தீங்களே, தலையைக் குனிஞ்சிகினு காபி குடுக்கச் சொன்னாங்க. உங்க காலு மட்டும்தான் தெரிஞ்சுது. போட்டோ குடுத்தீங்க. அதுல கூலிங் கிளாஸ்."

"ஸ்டுடியோக்காரன் போடச் சொன்னான்."

"எவன் சொன்னா இன்னா? கண்ணே பாக்காம ஒரு ஆள எப்டிக் கட்டிக்கறது? மேடையிலயாவது பாக்கலாம்னா நடுவுல சுப்பிரமணி மாமா முதுகு. சுத்தி நூறு பேரு. நிமிந்தா அடங்காத பொண்ணும்பாங்க. முந்தின நாளு எங்க வீட்டாண்ட கூம்பு கட்ட வந்தாரு இல்ல, அப்பவே அவராண்ட சொல்லி வெச்சேன். அண்ணே, தாலி கட்டறதுக்கு முன்ன அந்தக் கேசட்டு ஒரு பக்கம் முழுசா ஓடணும். எல்லாரும் நெல்லு மூட ஓடிடுவாங்க. நான் நிம்மதியா மாப்ள மூஞ்சப் பாத்துக்கறேன். புடிச்சிருந்தா உக்காருவேன்."

"புடிக்கலைன்னா?"

"எழுந்து உள்ள போயிடுவேன். ஓடறதோட ஓடறதா யாருக்குத் தெரியப் போவுது?"

ஏழு வருஷமாக அந்தப் பார்வை என் தோளைத் தாண்டிப் போனதா என்று யோசித்துக்கொண்டிருந்தேனே ஒழிய, அது என் முகத்திலேயே நின்று மார்க் போட்டது என்று தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் கம்பீரமாக உட்கார்ந்திருப்பேன்.

"ஒரு பக்கம் ஓட்டச் சொன்னேன். பாழாப்போன கரண்ட்டு பாதியிலயே பூட்டுச்சு," என்றாள். "பரவால்ல. நான் அதுக்கு முன்னியே முடிவு பண்ணிட்டேன்."

"எப்ப?"

"எல்லாரும் ஓடுனாங்க இல்ல? நீங்களும் ஓடலாமா வேணாமானு வேட்டியப் புடிச்சிகினு பாதி எழுந்தீங்க. அப்புறம் என்ன ஒரு வாட்டி பாத்துட்டு உக்காந்துட்டீங்க. என்ன தனியா வுட்டுட்டுப் போகக் கூடாதுன்னு. அப்பதான் சிரிச்சேன். மீதி பாட்ட சும்மா கேட்டுகினு இருந்தேன். அந்த ஜப்பான் அம்மா சொன்ன மாதிரி."

(ஒரு உண்மையைச் சொல்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நான் உட்கார்ந்ததற்குக் காரணம், எழுந்தபோது மணவறைப் பலகையில் வேட்டி மாட்டிக்கொண்டது. ஆனால் அவளைப் பார்த்தது உண்மை. பார்த்த பிறகு, மாட்டிய வேட்டியை எடுக்க நான் முயற்சி செய்யவில்லை. அதுவும் உண்மை.)

9

கதை முடிந்துவிட்டது, என் கதை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பேனாவை மூடப் போகும்போது ஒரு சந்தேகம் வந்து தொலைத்தது.

"சரி எழிலு. நீ கேட்டே. அவர் ஏன் ஒத்துக்கிட்டாரு? உங்கப்பா மரத்துல கட்டிடுவேன்னு சொன்ன பிறகும் போட்டாரே. 'எழிலரசிதான் போடச் சொல்லிச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லலியே. உங்கப்பா கை ஓங்கினப்பகூட."

எழிலரசி கிண்ணத்தில் புளியை மறுபடி பிசைந்தாள். கரைந்த புளியை.

"தெரியலங்க," என்றாள் கடைசியில். "நான் உங்களத்தான பாத்துகினு இருந்தேன்."

ஆகவே, வாசகர்களே, எனக்குப் பின்னால் நின்றவரின் முகத்தை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்தப் பந்தலில் அது காதல் பாட்டு என்று தெரிந்து கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? அவருக்கு எதிரே இருந்தது என் முதுகும், அதற்கு மேல் சிரிக்கிற அவள் முகமும்தான். இந்த முடிவை நான் எழுத மாட்டேன். மாலையைக்கூடக் கொடுத்தாயிற்று, இதையும் நானே எழுதினால் அது அவரைப் பற்றி இருக்காது, என்னைப் பற்றித்தான் இருக்கும். நீங்கள் எழுதுங்கள். பல் மட்டும் வரிசையாக இருக்கட்டும்.

வெளியே வானம் கறுத்துவிட்டது. மலை தெரியவில்லை. எழிலரசி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து குங்குமக் கறை படிந்த ஒரு கேசட்டை எடுக்கிறாள். இது எப்படி இங்கே வந்தது, யார் கொடுத்தது, எப்போது—

"அப்புறமா கேளுங்க," என்கிறாள். "கரண்ட்டு போறதுக்குள்ள வந்து உக்காருங்க மொதல்ல."